எதிர்வீட்டு வாசலில் ஒரு ஹம்ப்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெரு சின்னது. இரண்டு பெரிய ரோடுகளுக்கு நடுவே குறுக்காகப் போகும். ஒரு முனையில் சர்ச்சின் பின்சுவர், மறுமுனையில் ஒரு பேக்கரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் அங்கே குடிவந்த நாளில், வண்டியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து ஓர் அம்மாள் ஃப்ளாஸ்க்கும் கையுமாகத் தெருவைக் கடந்து வந்தார். கனத்த உடம்பு, முழங்கால் வலி. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதுபோல நடந்தார். நடுத்தெருவில் நின்று, "பீரோவைச் சாய்க்காதீங்கப்பா, கண்ணாடி போயிடும்" என்று கூலிக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் மீதித் தெருவைக் கடந்தார். அத்தனை நேரமும் ஒரு வண்டிகூட வரவில்லை. வரும் என்று அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

அன்றைக்கே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அக்கா பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மறு வருஷம் அங்கே கணக்கு டீச்சர் வேலை காலியானபோது ஹெட்மிஸ்ட்ரஸிடம் எனக்காகப் பேசியவரும் அவர்தான். அவர் ரிட்டயர் ஆகும்வரை இருவரும் சேர்ந்தே நடந்து போவோம். அவர் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அண்ணா என்பேன். முன்னறையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரியவர்களிடம் அதிகம் பேசமாட்டார். என் மகள் பள்ளி விட்டு வந்தால் மட்டும் அந்த ஜன்னலிலிருந்து குரல் வரும்: "மேடம் வந்துட்டாங்களா? இன்னிக்கு டீச்சர் எத்தனை அடி கொடுத்தாங்க?" அவர்களுக்கு ஒரே மகன், வளைகுடாவில் வேலை.

கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக்கும், பொங்கலுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கலும் போகும் என்பதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்களுக்குள் அதற்கும் மேலே இருந்தது. ரசம் கொதிக்கும்போது உப்பு சரியா என்று பார்க்கக் கரண்டியோடு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஜலதோஷத்தில் எனக்கு நாக்கு செத்துப்போயிருந்த சமயம் அது. கரண்டியில் இருந்தது ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சாயங்காலங்களில் எங்கள் கேட்டுக்கும் அவர்கள் கேட்டுக்கும் நடுவே கயிறு கட்டிப் பிள்ளைகள் ஷட்டில் ஆடுவார்கள். எப்போதாவது ஒரு ஸ்கூட்டர் வந்தால் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஓட்டி வருகிறவர் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

பிறகு ஒருநாள் பெரிய ரோட்டை ஒன்-வே ஆக்கினார்கள். அதில் சுற்றிப் போக மனமில்லாதவர்கள் எங்கள் தெருவைக் கண்டுபிடித்தார்கள். முதலில் ஆட்டோக்காரர்கள், பிறகு ஆபீஸ் போகிறவர்கள். கொஞ்ச காலத்தில் ஐடி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பெரிய வண்டிகளும் வந்தன. அவர்களுக்கு நேரம்தான் எல்லாம். பேக்கரி முனையில் திரும்பியதும் நேரான காலி ரோடு கண்ணில் படும். அதைப் பார்த்ததும் காலை அழுத்திவிடுவார்கள். சர்ச் சுவர்வரைக்கும் அழுத்திக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பிரேக். நாளெல்லாம் இதே சத்தம்.

ஷட்டில் கயிறு போயிற்று. பால்காரர் சைக்கிளைத் தெருவில் நிறுத்துவதை விட்டு ஒவ்வொரு வீட்டுக் கேட்டுக்குள்ளும் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா வளர்த்த நாய், பழுப்பு நிறத்தில் சாதுவான பிராணி, ஒரு காலை நேரத்தில் எங்கள் கேட்டருகே செத்துக் கிடந்தது. யார் வண்டி என்றுகூடத் தெரியவில்லை. அக்கா அதைப் பழைய புடவையில் சுற்றும்போது, "இவனுக்கு இந்த ரோடு தன்னோடதுன்னு நெனப்பு" என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் கேட்டிலேயே நிற்கப் பழகினோம். அந்தப் பக்கம் அவர் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்பார். இந்தப் பக்கம் நான். நடுவே வண்டிகள். ஒன்று போனால் இன்னொன்று வரும். அவருக்கு முழங்கால் அப்படி இருக்க, ஓடிக் கடக்க முடியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரே தெருவில், முகம் பார்க்கும் தூரத்தில் இருந்துகொண்டு டெலிபோனில் பேச ஆரம்பித்தோம்.

என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஆடிட் பிரிவில் இருந்தார். முறையாகக் கேட்டால் முறையான பதில் வரும் என்று நம்புகிற மனிதர். தெருக்காரர்களைக் கூட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, வார்டு ஆபீஸுக்குப் போனார். வேகத்தடை என்று தமிழில் எழுதுகிறோம். பெங்களூரில் எல்லாருக்கும் அது ஹம்ப்தான். எங்கள் தெருவுக்கு ஒரு ஹம்ப் வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

"ஹம்ப் போடுறது நாங்கதான். ஆனா போடுன்னு சொல்ல வேண்டியது ட்ராஃபிக் போலீஸ்" என்றார் அங்கிருந்த இன்ஜினியர்.

ட்ராஃபிக் போலீஸில், "ரோடு அவங்களுது. அவங்க எழுதிக் கேட்டா நாங்க பார்க்குறோம்" என்றார்கள். பிறகு அங்கே ஒருவர் அக்கறையாகவே கேட்டாராம்: "ஆக்ஸிடென்ட் கேஸ் ஏதாவது இருக்கா சார்? டெத்து?"

"இல்லை" என்றிருக்கிறார் இவர்.

"ஆமேலே நோடோணா சார்." அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து, "யாராவது செத்தா போடுவாங்க போல" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

விடாமல் போனார். லீவு நாட்களிலெல்லாம் போனார். நடுவே, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை எழுதி பேக்கரி முனையில் நட்டார். ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்து அது சாய்ந்தது. வாசலில் மண் நிரப்பிய பூந்தொட்டிகளை ரோட்டோரம் வரிசையாக வைத்தார். வண்டிகள் இடித்து உடைந்த தொட்டிச் சில்லுகளை நான் பெருக்கினேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தானே தெருவில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். வெள்ளை பனியனும் வேட்டியுமாக அவர் நிற்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சிலர் வேகத்தைக் குறைத்தார்கள். பலர் ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போனார்கள்.

அப்படி நின்ற ஒருநாள் ஒரு சிவப்புக் கார் அவர் முழங்காலுக்குச் சமீபத்தில் வந்து நின்றது. இவர் போய்க் கண்ணாடியைத் தட்டினார். இறங்கியது. உள்ளே இருந்தவன் எங்கள் தெரு முனை வீட்டுப் பிள்ளை. ஷட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவன்.

"நீயாப்பா?"

"ஸாரி அங்கிள். இன்டர்வியூ. லேட் ஆயிடுச்சு."

"உங்க அம்மா நடக்குற ரோடுப்பா இது."

"தெரியும் அங்கிள். மெதுவாத்தான் வந்தேன். உங்களுக்கு அப்படித் தெரியுது." அவன் உண்மையாகவே அப்படி நம்பினான். அதைப் பார்த்த பிறகு இவர் ஞாயிற்றுக்கிழமை நிற்பதை விட்டுவிட்டார். வெளியாட்கள் என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி எங்கள் ஆட்கள்.

ஆனாலும் ஹம்ப் வந்தது. இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய சமயம். கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர், தேர்தல் பக்கத்தில் இருந்ததால் வந்தது என்று சொன்னார்கள், எப்படியோ வந்தது. எங்கே போடுவது என்று ஒரு கேள்வி எழுந்தது. முனைகளுக்கு அருகே போடக்கூடாது, சாக்கடை மூடி இருக்கும் இடத்தில் போடக்கூடாது, விளக்குக் கம்பத்து வெளிச்சம் விழ வேண்டும். மிஞ்சிய இடம் தெருவின் நடுப்பகுதிதான். அங்கே வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். அக்கா தன் கேட்டிலிருந்து சத்தம் போட்டார்: "எதுக்கு இவ்ளோ பேச்சு? எங்க வாசல்லயே போடுங்கப்பா!"

தாரைக் கொட்டி, மேடாகத் தட்டி, ஒரு பகலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அக்கா ஃப்ளாஸ்க் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் அந்த மேட்டுக்கு முன்னால் முனகிக்கொண்டு நின்றது. அவர் அந்த மேட்டின் மேலேயே ஏறி, நடுவில் நின்று, "தம்பி! ராஜபாட்டைப்பா இது!" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். இவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அதற்குமுன் அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது மகள் பிறந்தபோதுதான்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. அந்த மழைக்காலத்தில் அண்ணாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டார்கள். அந்த வீட்டில் காற்றும் வெளிச்சமும் உள்ள அறை அது ஒன்றுதான்.

ஒருநாள் மருந்துக் கடைக்குப் போகவேண்டும் என்று என்னை உட்கார வைத்துவிட்டு அக்கா போனார். அண்ணா கண்ணை மூடிக் கிடந்தார். கம்பி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. முன் சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியதும் 'டம்' என்றது. கம்பிகள் ஒன்றாகக் குதித்து விழுந்தன. பின் சக்கரத்துக்கு மறுபடி ஒரு முறை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டிலில் அண்ணாவின் உடம்பு தூக்கிப் போட்டது. விழாத இடது கை காற்றில் எதையோ பிடிக்கத் தேடியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லண்ணா, லாரி" என்றேன். அவர் மூச்சு அடங்குவதற்குள் ஆட்டோ ஒன்று, அதன் பின்னால் ஹார்ன் அடித்தபடி ஒரு வேன். அக்கா திரும்பி வரும்வரை என்னால் அந்தக் கையை விடவே முடியவில்லை.

"பார்த்தியாம்மா" என்றார் அக்கா வந்ததும். "பகல் ராத்திரி இப்படித்தான். தூங்க மாட்டேங்குறாரு. சாப்பாடு ஊட்டுறப்ப வண்டி வந்தா புரையேறிடுது."

பின்னறைக்கு மாற்றிப் பார்த்தார்கள். அது சமையலறையை ஒட்டிய இருட்டு அறை. அங்கே அண்ணா வாயைத் திறக்க மறுத்தார். ஜன்னல் இருந்த திசையைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். மறுபடி முன்னறைக்கே கொண்டுவந்தார்கள்.

என் கணவருக்கும் இது கஷ்டமாகத்தான் இருந்தது. ஹம்ப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லாரும் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். "பாவம் அவரு" என்றார்கள். "ஆனா எங்க வாசல்ல வேணாம் சார். வீட்டுல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க இருக்கு." "எங்க சுவர் ஏற்கெனவே விரிசல் சார்." ஒருவர் மட்டும் நேரடியாகச் சொன்னார்: "ஹம்ப் வேணும்னு கேட்டது நீங்க. உங்க பக்கத்துலதான் இருக்கணும்."

ஒரு மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அதை எடுத்துடச் சொல்லுங்க."

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "அக்கா, அதுக்காக எத்தனை நடை நடந்தேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்பா. நான் இல்லைன்னு சொல்லலையே."

"எடுத்துட்டா மறுபடி வராது. பழையபடி ஆயிடும். இன்னும் மோசமாவே ஆகும். யாராவது அடிபட்டா?"

"எங்க வீட்ல தினமும் ஒருத்தர் அடிபடுறாரு தம்பி."

அதோடு இவர் நிறுத்தியிருக்கலாம். "ஒரு ஆளுக்காக மொத்தத் தெருவையும் விட்டுட முடியுமாக்கா?" என்றார்.

"அந்த ஒரு ஆளு எனக்கு மொத்தமும்பா" என்றார் அக்கா. கோபமே இல்லாத குரல். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே கேட்வரைக்கும் போனேன். எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அக்கா திரும்பிப் பார்க்காமல் அந்த மேட்டின் மேலேயே ஏறிக் கடந்து போனார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் இருக்கும், கடப்பாரையும் கூடையுமாக ஆட்கள் வந்தார்கள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் கணவர் சட்டையைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

"யார் சொல்லி எடுக்குறீங்க?"

"ஆபீஸ்ல சொன்னாங்க சார். எங்களுக்கு என்ன தெரியும்?"

எதிர்வீட்டுக் கேட் திறந்தது. "நான்தான் தம்பி போய்ச் சொன்னேன்" என்றார் அக்கா. "கார்ப்பரேட்டர் வீட்ல போய் உட்கார்ந்துக்கிட்டேன். அவரு அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சாம். ஒடனே போன் போட்டுட்டாரு."

இவர் நடையாய் நடந்து வாங்கியது, அக்கா ஒரு காலைப்பொழுது உட்கார்ந்ததில் போய்விட்டது. அவர் உள்ளே வந்து, குளித்து, ஆபீஸுக்குப் போனார். அன்றிலிருந்து அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் மட்டும் போய்வந்தேன். போகும்போது, "எங்கே போறே?" என்று கேட்கமாட்டார். வந்ததும், "அவருக்கு எப்படி இருக்கு?" என்றுமட்டும் கேட்பார்.

ஹம்ப்பைக் கொத்தி எடுத்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதில் விழுந்து எழுந்து போகும் வண்டிகளின் சத்தம் பழைய சத்தத்துக்குக் குறைந்ததல்ல. அண்ணாவின் உடம்பு முன்போலவே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. அக்காவும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மண்வெட்டியால் அக்காவே கொஞ்சம் ஜல்லியும் மண்ணும் போட்டுப் பள்ளத்தை மூட முயன்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். வண்டிகள் அவரைச் சுற்றி ஹார்ன் அடித்தன. நான் ஓடிப்போய் உள்ளே கூட்டிவந்தேன்.

அடுத்த மார்ச்சில் அண்ணா போய்விட்டார். மகன் வளைகுடாவிலிருந்து வருவதற்காகக் காத்திருந்து, ஒரு வேலைநாளில் அடக்கம் வைத்தார்கள். பெட்டியை வீட்டிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றச் சற்று நேரம் பிடித்தது. தெரு அடைபட்டது. பேக்கரி முனைவரை கார்கள் நின்றன. பாதிரியார் ஜெபம் சொல்லும்போதே பின்னாலிருந்து ஒருவர் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது. தெரிந்தவர்களும் அடித்தார்கள். ஒன்று சேர்ந்துகொண்டால் அந்தச் சத்தம் ஒரு விதமாக ஏறிக்கொண்டே போகும். ஜெபம் யாருக்கும் கேட்கவில்லை. என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முதல் காரின் முன்னால் நின்றார். கையைத் தூக்கவில்லை, திட்டவில்லை. சும்மா நின்றார். கொஞ்சம் அடங்கியது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் எழுந்து நின்றார். அக்கா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இப்பப் போடச் சொல்லலாம்பா" என்றார்.

அவருக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"ஹம்ப். இனிமே எனக்குத் தொந்தரவு இல்ல. போடச் சொல்லுங்க."

என் கணவர் சமையலறைக்குள் போய்விட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் வார்டு ஆபீஸ். இன்ஜினியர் மாறியிருந்தார். புது ஆள் பழைய பேப்பர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தெருவே கேட்டு, உங்க தெருவே எடுக்கச் சொல்லியிருக்கு. மறுபடியும் கேக்குறீங்க. நாளைக்கு மறுபடியும் எடுக்கச் சொல்வீங்க. நாங்க என்ன சார் பண்றது?" என்றார். நியாயமான கேள்விதான். அப்போது நானும் கூடப் போயிருந்தேன். அந்த மனிதர் எங்களைச் சமாதானப்படுத்துவதுபோல, "கவலைப்படாதீங்க, உங்க ரோட்டுக்குப் புதுத் தார் சாங்ஷன் ஆயிருக்கு" என்றார்.

தார் போட்டார்கள். பள்ளமெல்லாம் மூடி, கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆயிற்று. அதற்குமுன் பள்ளத்துக்குப் பயந்து கொஞ்சமாவது மெதுவாக வந்தவர்களும் இப்போது பறந்தார்கள்.

பெங்களூரைத் தாண்டி, ஆனேக்கல்லில் அக்காவுக்கு ஒரு தங்கை இருந்தார். மாதத்தில் சில நாள் அங்கே போய் இருந்துவிட்டு வருவார். போகும்போது வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுப்பது வழக்கம். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அன்று காலை அக்கா கூப்பிடவில்லை; பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தானே சாவி கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். நான் அடுப்படியில் இருந்தேன். பிரேக் சத்தம் கேட்டது. அது தினமும் கேட்கிற சத்தம் என்பதால் திரும்பக்கூட இல்லை. பிறகு என் கணவர் "அக்கா!" என்று கத்தியது கேட்டது.

ஒரு வெள்ளைக் கார் கோணலாக நின்றிருந்தது. அக்கா எங்கள் கேட்டுக்கு நாலடி தள்ளிக் கிடந்தார். பை ஒருபக்கம், செருப்பு ஒருபக்கம். நினைவு இருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார், எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. காரிலிருந்து இறங்கிய பையன் சேலத்திலிருந்து வேலைக்கு வந்தவன். பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறவன். அவன்தான் என் கணவரோடு சேர்ந்து அக்காவைத் தூக்கித் தன் காரிலேயே கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "அம்மா வயசுங்க எனக்கு. நான் பார்க்கவே இல்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன்மேல் கோபப்பட முயன்று பார்த்தேன். வரவில்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது அக்கா சொன்னது என் காதில் விழுந்தது: "அந்தப் பிள்ளை மேல கேஸ் எல்லாம் வேணாம் சார். நான் மெதுவா நடந்தேன். என் தப்புதான்."

மெதுவாக நடந்தது தப்பு என்று அவர் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. ஆனால் அந்த உடம்பும் அந்த முழங்கால்களும் மறுபடி எழுந்து நிற்கவில்லை. தங்கை வந்து ஆனேக்கல்லுக்கு அழைத்துப்போனார். முடிந்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒருதடவை என் கணவரும் வந்தார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே போனதும் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, கொண்டுபோன ஆரஞ்சை உரித்தார். சுளையில் இருக்கும் நாரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"எதை?" என்றார் அக்கா. நிஜமாகவே நினைவில்லையா, அவருக்காக மறந்தாரா, தெரியாது.

"ஒரு ஆளுக்காக மொத்தத் தெருவும்னு..."

அக்கா சுளையை வாயில் போட்டு மென்றார். "நீங்க சொன்னது சரிதானே தம்பி. எடுக்காம விட்டிருந்தா நான் இன்னிக்கு நடந்துக்கிட்டு இருப்பேன். ஆனா மறுபடி அந்த மாதிரி நெலம வந்தா மறுபடியும் போய் எடுக்கத்தான் சொல்லுவேன். என்ன பண்றது, சொல்லுங்க."

இவர் மீதி ஆரஞ்சையும் உரித்துத் தட்டில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அடுத்த தடவை நான் கூப்பிட்டபோது வரவில்லை. அக்கா அந்த வருஷக் கடைசியில் அங்கேயே காலமானார். படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் சேர்ந்துகொண்டன. எங்களுக்குச் சேதி வந்து, கிளம்பி, ஊர் தாண்டிப் போகும் ரோட்டில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தங்கை மண்மேட்டைக் காட்டினார். பூக்கள் அதற்குள் வாடியிருந்தன.

மகன் வந்து எதிர்வீட்டை விற்றுவிட்டுப் போனான். இடித்துவிட்டு நாலு மாடி கட்டினார்கள். தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தும் இடம். காலையில் ஒவ்வொரு காராக வெளியே வரும்போது வாட்ச்மேன் விசில் ஊதுவார். அந்தக் கட்டிடத்தில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். தெருவில் நின்று பேச யாராலும் முடியாததால் அறிமுகம் ஆக வழியில்லை.

என் கணவர் ரிட்டயர் ஆனபிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். மொட்டைமாடியில்தான் நடக்கிறார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக் கொடிக்குக் கீழே குனிந்து, மறுபடி தொட்டியைச் சுற்றி. தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரருகே போகமாட்டார். ஹம்ப் என்ற சொல்லை அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒருமுறை தெருவில் புதிதாக வந்த யாரோ அந்த விஷயமாகக் கையெழுத்து வாங்க வந்தார்கள். படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். பிறகு அது என்ன ஆயிற்று என்று அவர்களும் வந்து சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கல்யாணமாகிப் போன மகள் லீவுக்கு வந்திருந்தபோது மாடியில் துணி எடுத்துக்கொண்டே, "இந்த வீட்டை வித்துட்டு எங்கேயாவது போயிடலாமேப்பா. எதுக்கு இங்க இப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. "எங்கே போனாலும் வாசலுக்கு முன்னாடி ஒரு தெரு இருக்குமேம்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொடியிலிருந்த கிளிப்புகளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே யாரோ கையை எடுக்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.